முழங்கை உயரம்

அந்தத் தெருவில் கார் ஷெட் கட்டிவிட்டுக் காரே வாங்காத மனிதர் ஒருவர்தான் இருந்தார். தெரு அவருக்கு வைத்த பெயர் கேட்லாக். மேஜை நாற்காலி செய்யும் பெரிய தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ரம்பம், பெல்ட், பேரிங், உப்புத்தாள், எதைக் கேட்டாலும் நம்பரோடு சொல்லுவார். கார் வாங்குவதற்கு முன்னால் கார்களின் கேட்லாக்குகளை வாங்கினார், படித்தார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், ஒவ்வொரு காரிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். ஷெட் கட்டிப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. ஷெட்டுக்குள் கேட்லாக்குகள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தன.

"மாப்பிள்ளைக்கு வீடு கட்டியாச்சு, பொண்ணுக்குத்தான் மாப்பிள்ளை பாக்கலை" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேலி பேசுவார். கேட்லாக் கோபித்துக்கொள்ள மாட்டார். தன்னை விஷயம் தெரிந்தவன் என்று நாலு பேர் கேலி செய்வதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

உண்மை என்னவென்றால், தொழிற்சாலையில் அவர் உட்கார்ந்திருந்தது கம்பி வலைக்குப் பின்னால். வலையில் ஒரு சின்ன ஜன்னல். மெஷின் ஓட்டுகிறவர்கள் வந்து சீட்டு நீட்டுவார்கள், இவர் ரம்பத்தை எடுத்துக் கொடுப்பார். அது மெஷினில் ஏறி என்ன செய்கிறது என்று பார்க்க வலையில் மூக்கை வைத்து எட்டிப் பார்க்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மெஷினின் ஸ்விட்சைக்கூட அவர் போட்டது கிடையாது. இது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

மெஷின் ஓட்டியது மனைவிதான். பொம்மைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம். சக்கரம் வைத்த மர வாத்து அவள் கைவேலை. பலகையில் வாத்தின் உருவத்தை வரைந்து, நாடா மாதிரி ரம்பம் சுற்றி ஓடும் பேண்ட் சாவில் ஒரே இழுப்பில் வெட்டி எடுப்பாள். பிறகு உப்புத்தாள் ஒட்டிச் சுழலும் வட்டத்தில் தேய்த்து, சக்கரத்துக்குத் துளை போட்டு, அடுத்த வாத்து. வீட்டில் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. சாயங்காலம் தலைமுடியில் மரத்தூளோடு வந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். அவர் தொழிற்சாலைக் கதை சொல்லுவார், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

கம்பெனி இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் முதலாளியம்மா அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "வாத்து வேலையை வேற யார்கிட்டயும் கொடுக்க எனக்கு மனசு வரலை. வீட்டுல மெஷின் போட்டுக்கிறியா? மாசம் முன்னூறு வாத்து. முதல் மாசம் சொன்ன தேதிக்கு வந்துட்டா, அப்புறம் எப்பவும் உனக்குத்தான்" என்றார். இவளுக்கு ஐம்பத்தொன்று. இனிமேல் போய் இன்னொரு இடத்தில் வேலை கேட்க முடியாது. கிடைத்தது இந்த ஒரு வழிதான், அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கேட்லாக்குக்கு இறக்கை முளைத்துவிட்டது.

"நீ கவலையை விடு. மெஷின் செலக்‌ஷன் என் வேலை. இதுல எல்லாம் ஏமாந்துடக் கூடாது."

"அங்க இருந்த மாதிரி சின்னதா ஒரு பேண்ட் சா போதுங்க. பழகின மெஷின்."

"பழகினது, பழகினதுன்னு பழசையே கட்டிக்கிட்டு அழக் கூடாது. மோட்டார் பவர், பிளேடு அகலம், மேஜை சாயற கோணம், எல்லாம் பாக்கணும். உனக்குப் புரியாது."

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தொட்டுப் பாத்துடறேன். அது போதும்" என்றாள்.

மூன்று வாரம் ஷெட்டில் உட்கார்ந்து அவர் நோட்டு எழுதினார். கட்டம் போட்டு, சிவப்பு மசியில் கோடிழுத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் மார்க் போட்டார். அவள் அந்த நாட்களில் ஷெட்டைக் காலி செய்தாள். பதினெட்டு வருஷத்துக் கேட்லாக்குகளைக் கட்டுக் கட்டாகப் பரணில் ஏற்றினாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மழை பெய்தால் கூரையில் எந்த ஓட்டுக்கு அடியில் சொட்டுகிறது என்று பார்த்துச் சுவரில் கரியால் புள்ளி வைத்தாள். கூரையை அவர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சொட்டும் இடத்தில் வாளி வைக்கலாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

மெஷின் கடை ஊரின் மறுமுனையில். கடை என்பதைவிட முற்றம் என்று சொல்லலாம். முன்பக்கம் மெஷின்கள், பின்பக்கம் வெல்டிங். கடைக்காரர் பருத்த மனிதர், காதில் பென்சில். கேட்லாக்கின் நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் அசந்துபோய்விட்டார்.

"சார், இப்படி ஒரு கஸ்டமரை நான் பாத்ததே இல்ல. பிளேடு நம்பர் வரைக்கும் எழுதியிருக்கீங்களே! எத்தனை வருஷமா சார் இந்த லைன்ல இருக்கீங்க?"

"முப்பத்தொரு வருஷம்."

"அதான பாத்தேன்." கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. அவளுக்கும் வந்தது. அவள் பேண்ட் சாவின் மேஜையில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் எல்லாம் சரி சார். ஸ்டாண்ட் மட்டும் நான் செஞ்சு தர்றதுதான். கம்பெனி ஸ்டாண்டை விக்க மாட்டேன்" என்றார் கடைக்காரர். "கால் அளவு பாக்காம செருப்பு வாங்குவோமா? ஒருத்தர் எட்டு மணி நேரம் நின்னு வேலை செய்யப் போறாரு. மேஜை அவர் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழ இருக்கணும். ஏறினாலும் தப்பு, இறங்கினாலும் தப்பு. சொல்லுங்க, மெஷின்ல நிக்கப் போறது யாரு?"

அவள் மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றார் கேட்லாக்.

ஏன் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நாற்காலி, டீ, சார் என்ற மரியாதை, முப்பத்தொரு வருஷம் என்றதும் விரிந்த அந்தக் கண்கள். "இல்லைங்க, இவதான்" என்று சொன்னால் அந்தக் கண்கள் சுருங்கிவிடும் என்று தோன்றியது. அந்த ஒரு நொடியில் அவர் அவ்வளவுதான் யோசித்தார்.

"எழுந்து நேரா நில்லுங்க சார். கையை மடக்குங்க." கடைக்காரர் குனிந்து தரையிலிருந்து முழங்கை வரை டேப்பைப் பிடித்தார். பின்பக்கம் பார்த்துக் கத்தினார். "நாப்பத்து நாலு! மேஜை நாப்பது!"

வெல்டிங்காரர் சாக்கட்டியால் சுவரில் எழுதிக்கொண்டார். கேட்லாக் ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அவள் அவர் தோளுக்கு வருவாள், அதுவும் எக்கி நின்றால். அவர் நேராக நிற்கும்போது அவருடைய பையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தரையைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரே ஆரம்பித்தார். "அவன் கேட்டான், சும்மா வாயில வந்துடுச்சு. பெரிசா எடுத்துக்காத."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"கொஞ்சம் உயரமா இருந்தா என்ன, கீழ ஒரு பலகையைப் போட்டுக்கிட்டா போச்சு."

"ம்."

"என்ன ம்?"

"இறங்கற இடம் வந்துடுச்சு" என்றாள்.

ஸ்டாண்ட் செய்ய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகத்தான் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அந்த நாற்பத்து நாலு ஞாபகத்துக்கு வரும். ஏழாவது நாள் கடைக்காரரிடமிருந்து போன். "சார், வேலை கொஞ்சம் பாக்கி இருக்கு, இன்னும் நாலு நாள் ஆகும், பரவாயில்லையா?" அப்போது சொல்லியிருக்கலாம். "பரவாயில்லை, பரவாயில்லை, நிதானமா செய்ங்க" என்றார்.

ஒன்பதாம் நாள் மனசு கேட்காமல் கிளம்பிப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். பஸ்ஸில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தார். முற்றத்து வாசலில் வந்து நின்றபோது உள்ளே வேறொரு வாடிக்கையாளரிடம் கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நம்ம சார் ஒருத்தர் இருக்காரு, முப்பத்தொரு வருஷ சர்வீஸ், அவர் போட்ட லிஸ்ட்டைப் பாருங்க..." அன்று எடுத்து வைத்துக்கொண்ட அவருடைய நோட்டின் நகலைக் காட்டிக்கொண்டிருந்தார். கேட்லாக் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஏதோ மறந்துவிட்ட மாதிரி சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரும்பி நடந்தார். எங்கே போனீர்கள் என்று வீட்டில் அவள் கேட்டாள். சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்றார். அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு டீ போடப் போனாள்.

மெஷின்கள் ஒரு மழை நாளில் வந்தன. ஈரத்தில் வண்டி ஷெட் வாசலில் புதைந்துகொண்டது. தையல்காரர் குடையோடு வந்து நின்று ஒவ்வொருவருக்கும் யோசனை சொன்னார். கடையிலிருந்து வந்த ஃபிட்டர் ஒல்லியான ஆள், பேச்சில் கெட்டிக்காரர். ரசமட்டத்தை வைத்துத் தரையைப் பார்த்தார்.

"சார், உங்க தரை எந்த ஊருக்குப் போகுது? இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மேடு."

ஸ்டாண்ட் கால்களுக்கு அடியில் தகடு கொடுத்து, மட்டம் பார்த்து, தரையைத் துளைத்து போல்ட் இறக்கி, சிமெண்ட் வைத்து இறுக்க மத்தியானம் ஆனது. அவள் எல்லோருக்கும் ரொட்டியும் முட்டையும் கொடுத்தாள். சாப்பிடும்போது ஃபிட்டர் மெஷின்களைக் காட்டி, "அசையாது சார். நிலநடுக்கம் வந்தா வீடு போகும், இது நிக்கும்" என்றார். பேண்ட் சா, தேய்ப்பு மெஷின், டிரில், மூன்றும் பச்சை நிறத்தில் நிமிர்ந்து நின்றன. மூன்று மேஜைகளும் அவள் மார்பு உயரத்துக்கு இருந்தன.

"சரி, உங்க கைராசி. ஸ்விட்சைப் போட்டு ஒரு கட்டிங் கொடுங்க. ஓடிச்சுன்னு கையெழுத்து வாங்கிட்டு நான் கிளம்பறேன்."

"நீங்களே போடுங்களேன்."

"நான் தினமும் போடறேன் சார். உங்க கை பாக்கணும். முதலாளி அவ்வளவு சொல்லி அனுப்பிச்சிருக்காரு."

தையல்காரர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கேட்லாக் பலகையை எடுத்தார். ஸ்விட்சைப் போட்டார். சத்தம் அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. வலைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டபோது இது ஒரு இரைச்சல், அவ்வளவுதான். இப்போது அது நெஞ்சுக்குள் புகுந்தது. பலகையைத் தள்ளினார். பென்சில் கோட்டில் அரை அங்குலம் போனது. பிறகு ரம்பம் கோட்டை விட்டு விலகியது. அவர் பலகையைத் திருப்பப் பார்த்தார். பிளேடு மரத்துக்குள் நெறிபட்டு வீறிட்டது.

பக்கத்திலிருந்து ஒரு கை எட்டி வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கியது. குதிகாலை உயர்த்தித்தான் அவளுக்கு எட்டியது.

"அவருக்கு நேத்துலேர்ந்து தோள்பட்டை வலி" என்றாள் ஃபிட்டரிடம். "பலகையைத் தள்ள முடியலை. நான் போடறேன், குடுங்க."

மூலையில் கிடந்த பழப்பெட்டியைக் காலால் இழுத்துக் கவிழ்த்துப் போட்டாள். ஏறி நின்றாள். பிளேடைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், ஒரு திருகை அரைத் திருப்புத் திருப்பினாள், பிறகு ஸ்விட்ச். பலகை அவள் கையில் தானே நகர்வது போலிருந்தது. அலகு, தலை, கழுத்து, முதுகு, வால். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாத்து தனியாக விழுந்தது.

தையல்காரர் "அடேயப்பா" என்றார். கேட்லாக் பெருமைப்படுவது போல் சிரித்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் வேலை செய்து அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதுவும் இப்படிப் பார்த்தோமே என்று காது மடல் சுட்டது.

ஃபிட்டர் பெட்டியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். துணியை மடித்துப் பையில் வைத்தார். வாசலில் செருப்பைப் போடும்போது தணிந்த குரலில் சொன்னார்.

"சார், பெட்டி மேல நின்னு மெஷின் ஓட்டக் கூடாது. கால் பிசகினா கை எங்க போகும்னு யாரும் சொல்ல முடியாது."

"இன்னிக்கு மட்டும்தான்" என்றார் கேட்லாக். "நாளையிலேர்ந்து நான்தானே."

அடுத்த நாளிலிருந்து அவள்தான். பழப்பெட்டி ஆட்டம் கண்டது என்று மூன்று மெஷினுக்கும் மூன்று மேடை அவளே செய்துகொண்டாள். கட்டைகளை அடுக்கி மேலே பலகை. ஏழு அங்குலம் உயரம். பேண்ட் சாவில் வெட்டி இறங்குவாள், தேய்ப்பு மெஷினில் ஏறுவாள், இறங்குவாள், டிரில்லில் ஏறுவாள். ஒரு வாத்துக்கு மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அந்த மிதியடிச் சத்தம் கேட்கும். மெஷின் இரைச்சலைவிட அதுதான் அவர் காதில் தனியாக விழுந்தது.

சாயங்காலம் அவள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வாள்.

"கால் வலிக்குதா?"

"வயசாகுதுல்ல."

"நான் வேணா அந்தக் கடைக்காரர்கிட்ட..." என்று இழுத்தார்.

அவள் துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். காத்திருந்தாள். "கடைக்காரர்கிட்ட?"

"ஒண்ணுமில்ல. எண்ணெய் வாங்கணும், அதைத்தான் யோசிச்சேன்."

"சரி" என்று துணியை மறுபடி வெந்நீரில் முக்கினாள்.

இருபதாவது நாள் நூற்றெண்பது வாத்து முடிந்திருந்தது. காலையிலிருந்து மழை. ஷெட் கூரையில் புதிதாக ஓர் இடத்தில் சொட்டியது, அந்த இடத்துக்கு வாளி இல்லை. மரத்தூளும் தண்ணீரும் சேர்ந்தால் பலகை எப்படி வழுக்கும் என்று மர வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

கேட்லாக் அப்போது எதிர்வீட்டில் மழைக்கு ஒதுங்கியிருந்தார்.

"சத்தம் நல்லா சீரா இருக்கே" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"இருக்காதா பின்ன? நான் தேடித் தேடி எடுத்த மோட்டார். மெஷினைத் தேர்ந்தெடுக்கறதுலதான் எல்லாம் இருக்கு. யாரு வேணா ஓட்டலாம். எதை ஓட்டணும்னு தெரியணும். நம்ம மெஷின்ல..."

சத்தம் மாறியது. தேய்ப்பு மெஷின் ஒரு கணம் திணறிவிட்டு மறுபடி சுற்றியது. பிறகு ஏதோ சரிந்து விழும் சத்தம். தையல்காரர்தான் முதலில் ஓடினார்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் இறுகப் பிடித்திருந்தாள். கவிழ்ந்து கிடந்த மேடைப் பலகை மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மெஷினை அவளே நிறுத்தியிருந்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தோல்தான். எலும்புக்குப் போகலை" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "தம்பி, அந்தத் துணியைக் கொஞ்சம் எடு" என்று தையல்காரரிடம் சொன்னாள். பக்கத்தில் நின்ற புருஷனிடம் சொல்லவில்லை.

மருத்துவமனையில் நடு விரலையும் மோதிர விரலையும் கழுவி மருந்து வைத்துக் கட்டினார்கள். நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டாள்: "எப்படிம்மா ஆச்சு?"

"இறங்கும்போது கால் வழுக்கிடுச்சு. விழாம இருக்க மேஜையைப் பிடிச்சேன். கை சுத்தற வட்டத்துல பட்டுடுச்சு."

"எதுலேர்ந்து இறங்கினீங்க?"

 கேட்லாக் கதவோரம் நின்று சுவரில் ஒட்டியிருந்த படத்தை வாசித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் பல் தேய்ப்பது எப்படி என்று அதில் போட்டிருந்தது.

"என் கவனக்குறைவுதாம்மா. வேற யார் தப்பும் இல்ல" என்றாள்.

நர்ஸ் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தச் சின்ன அறையில் எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பத்து நாள் கையில் தண்ணீர் படக் கூடாது, மெஷின் பக்கம் போகவே கூடாது என்றார்கள். வெளியே வந்ததும் அவள் விரல் விட்டு எண்ணினாள். முன்னூறுக்கு இன்னும் நூற்றிருபது. தேதிக்கு இருப்பது பதினொரு நாள்.

"முதலாளியம்மா வேற ஆள் பாத்துடுவாங்க" என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன ஒரே குறை அதுதான்.

அன்று அவர் சோறு வடித்தார். தீய்ந்துபோனது. அவள் இடது கையில் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாள், தீய்ந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை வாக்கியம் எதையும் தயார் செய்யவில்லை. முற்றத்தில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாம் என ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"வாங்க சார், வாங்க! மெஷின் எப்படி ஓடுது?" என்று கடைக்காரர் எழுந்தார்.

"மெஷினை ஓட்டறது நான் இல்ல" என்றார் கேட்லாக். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "என் சம்சாரம்தான் ஓட்டறா. எனக்கு ஓட்டத் தெரியாது. நான் மெஷின்ல வேலையே செஞ்சதில்ல. ஸ்டோர்ல இருந்தேன். அன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொன்னேன். நேத்து அவ மேடையிலேர்ந்து வழுக்கிக் கையை..." 

கடைக்காரர் முகம் மாறியது. "ஐயோ. எந்தக் கை?"

"வலது கை. ரெண்டு விரல். தோல் போயிடுச்சு, எலும்பு தப்பிச்சுது."

கடைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். அந்த இரண்டு பேரையும் பின்பக்கம் போய் மெஷின்களைப் பார்க்கச் சொன்னார். பிறகு உட்கார்ந்தார்.

"என் மேலயும் தப்பு இருக்கு சார். எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாளே அம்மா போன் பண்ணிட்டாங்க. 'நிக்கப் போறது நான்தாங்க, என் உயரம் வேற'ன்னாங்க. அதுக்கென்னம்மா, மாத்திடறேன், அளவு சொல்லுங்கன்னேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

"'அவர் நாலு பேர் முன்னாடி சொல்லிட்டாரு. அவரே வந்து மாத்திச் சொல்லுவாரு. நான் சொல்லி மாத்தினா அவருக்குத் தலைக்குனிவு. அவர் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க'ன்னாங்க." கடைக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்காகத்தான் சார் வெல்டிங்கே ஆரம்பிக்காம வச்சிருந்தேன். ஒரு வாரம் பாத்தேன். நானே போன் பண்ணி நாலு நாள் ஆகும்னேன். அப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கேட்லாக் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து தண்ணீர் அவர் கால் மேலேயே வடிந்தது.

"ஒரு நாள் வாசல் வரைக்கும் வந்தீங்க. நான் உள்ளேர்ந்து பாத்தேன். அம்மா சொன்னது சரிதான், மனுஷன் வந்துட்டாருன்னு நினைச்சேன். நீங்க பையைத் தட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டீங்க. அப்புறம் அம்மாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். 'சரி, அவர் அளவுலயே செஞ்சுடுங்க'ன்னு வச்சுட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம்தான் வெல்டிங் வச்சோம்."

சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்று அவர் சொன்னதும், அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு டீ போடப் போனதும் ஞாபகம் வந்தது. அந்த டீயை அவர் நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லியிருந்தார். கூனிக் குறுகிப் போவது என்பார்களே, ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைந்த அந்த உடம்பை அப்போது எங்கே கொண்டு வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மத்தியானமே வெல்டிங்காரரை அனுப்பறேன்" என்றார் கடைக்காரர். "போல்ட்டைப் பிடுங்க வேணாம். ஸ்டாண்ட் காலை அறுத்து இறக்கிடலாம். காசைப் பத்தி இப்ப பேசாதீங்க. அம்மா முழங்கை உயரம் எவ்வளவு?"

கேட்லாக் வாயைத் திறந்தார். முப்பத்தொரு வருஷம் வலைக்குப் பின்னால் இருந்த நாலாயிரம் சாமான்களுக்கும் அவருக்கு நம்பர் தெரியும். இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

"தெரியாது" என்றார்.

கடைக்காரர் தன் டேப்பை எடுத்து நீட்டினார். "அளந்துட்டுப் போன் பண்ணுங்க."

அவர் வீடு திரும்பியபோது அவள் ஷெட்டில் இருந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இடது கையால் ஈரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் தையல்காரர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வெட்டி வைத்திருந்த வாத்து ஒன்றைக் கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க கேட்லாக். அக்கா எனக்கு வேலை கொடுத்துட்டாங்க. சட்டைக்குக் காலர் வைக்கறதைவிட வாத்துக்கு வால் தேய்க்கறது கஷ்டமா இருக்கே" என்றார்.

கேட்லாக் குடையைச் சுவரில் சாய்த்தார். தையல்காரர் போகட்டும் என்று காத்திருக்கவில்லை.

"நேரா நில்லு" என்றார் மனைவியிடம்.

"எதுக்கு?"

"அளவு எடுக்கணும். ஸ்டாண்டை இறக்கறாங்க. மத்தியானம் வெல்டிங்காரர் வர்றாரு."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வேலை செய்யறது நீதான்னு. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு." பிறகு தையல்காரர் பக்கம் திரும்பினார். "அன்னிக்குத் தோள்பட்டை வலி எதுவும் இல்ல தம்பி. எனக்கு ஓட்டத் தெரியாது."

தையல்காரர் தேய்ப்பதை நிறுத்தினார். கேலியாக ஏதோ சொல்ல வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வாத்தின் வாலில் குனிந்துகொண்டார்.

"கடைக்காரர் எல்லாம் சொன்னாரு" என்றார் கேட்லாக் மனைவியிடம். "நீ போன் பண்ணினது. நான் வாசல் வரைக்கும் போனது."

 அவள் சுவரோரம் போய் முதுகைச் சாய்த்து நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். நல்ல கையை மடக்கி நீட்டினாள். அவர் ஈரத்தரையில் மண்டியிட்டார். டேப்பின் முனையை அவள் குதிகால் பக்கத்தில் அழுத்திப் பிடித்தார். வெடித்த குதிகால், அதன் ஓரத்தில் மரத்தூள். வீங்கிய முழங்காலைத் தாண்டி டேப்பை மேலே இழுத்தார். அவ்வளவு தூரமே இல்லை. சீக்கிரமே முழங்கை வந்துவிட்டது. எண் கண்ணுக்குக் கலங்கியது. இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"முப்பத்தாறு" என்றார். எழுந்திருக்கவில்லை. "உன் கை..."

அவர் அதற்குமேல் என்ன சொல்லப் போகிறார் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.  அவருடைய தலை உச்சியில் முடி நன்றாக உதிர்ந்திருப்பதை மேலிருந்து பார்த்தாள்.

"நான் வெறுங்காலோட வேலை செய்யறதில்லீங்க" என்றாள். "கீழ ஆணி, சிலாம்பு எல்லாம் கிடக்கும். கம்பெனியிலயும் சரி, இங்கயும் சரி, செருப்பு போட்டுக்கிட்டுத்தான் நிப்பேன். கழட்டினப்ப ஏன்னு கேப்பீங்கன்னு பாத்தேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"மறுபடி அளங்க" என்று அவள் காலை நீட்டிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவர் மறுபடி டேப்பைத் தரையில் வைத்தார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. செருப்பின் அடியிலிருந்து பிடித்து, வளையாமல் இழுத்து, முழங்கை எலும்பை விரலால் தொட்டுப் பார்த்து, அந்த இடத்தில் நிறுத்தினார்.

"முப்பத்தேழு."

"எழுதிக்குங்க" என்றாள்.

எனக்கு நம்பர் மறக்காது என்று சொல்ல வாயெடுத்தவர், அதைச் சொல்லாமல் சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார்.